கப்பலில் வந்தவர்கள்



இன்று திருக்குடும்ப விழா. குடிலை இன்னும் யாரும் கலைக்கவில்லை. இடையர்களும் ஆடுகளும் வைக்கோலில் அப்படியே நிற்கிறார்கள். அதற்குள் நற்செய்தி நம்மை வழிப்பயணத்துக்குக் கூட்டிப்போகிறது. யோசேப்பு இரவோடு இரவாக எழுந்து, பிள்ளையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் புறப்படுகிறார்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றும் திருக்குடும்ப விழாதான். கோயில்களில் அன்று வாசித்ததும் இதே எகிப்துப் பயணப் பகுதிதான். சுனாமி வந்த அந்தக் காலையில் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடின தாய்மார்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். அன்று இடுப்பில் இருந்த பிள்ளைகளுக்கு இன்று மீசை முளைத்துவிட்டது. கல்பாக்கத்தில் குடியிருப்புக்குள்ளேயே தண்ணீர் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. மாமல்லபுரத்தில், மண்ணுக்குள் புதைந்து கிடந்த பல்லவர் காலத்துக் கல்வேலையை அலை வெளியே காட்டிவிட்டுப் போனது. அதைப் பார்க்க ஊரும் உலகமும் வந்தது. கல்லைப் பார்க்க வந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே கரையில், வந்து சேராத ஒருவருக்காக வாசற்படியில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்க்க நாம் எத்தனை பேர் போனோம்?

கடலை நம்பிப் பிழைக்கிற வீட்டுக்குச் சாவு ஒரு துயரம், காணாமல் போவது வேறொரு துயரம். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. செத்தவரைக் கிடத்தி, கட்டிப்பிடித்து அழலாம். குருவானவர் வந்து மந்திரித்து, மண் போட்டுவிட்டு வரலாம். காணாமல் போனவருக்கு என்ன செய்வது? படத்துக்கு மாலை போட மனசு வராது. கழுத்தில் கிடக்கும் தாலியை என்ன செய்வது என்று கேட்கவும் வாய் வராது. ராத்திரி நாய் குரைத்தால் எழுந்து கதவைத் திறந்து பார்க்கச் சொல்லும். மகளுக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் அப்பா எங்கே என்று கேட்கும்போது, இருக்கிறார் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா?

இப்படிக் காத்திருந்த ஒரு பெண்ணின் கதை நம் ஊரிலேயே இருக்கிறது. நம் கோயிலில் இல்லை, பக்கத்தில்.

வியாழக்கிழமை சாயங்காலம் கோவளத்துக்கு வந்து இறங்கும் கூட்டத்தைப் பார்க்கிறீர்கள். சென்னையிலிருந்தும், செங்கல்பட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்தும் தமீம் அன்சாரி தர்காவுக்கு வருகிறார்கள். நம் கார்மேல் மாதா கோயிலுக்கும் தர்காவுக்கும் நடந்துபோகிற தூரம்தான். நம் பங்குப் பெண்கள் சிலரும் அங்கே போகிறீர்கள். சாமி திட்டுவாரோ என்று முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு போவதும் எனக்குத் தெரியும். திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நாம் மன்றாடுவது யாரிடம் என்பதில் நமக்குள் குழப்பம் வேண்டாம், அது தனிப் பேச்சு. இன்று அந்த மனிதரின் வீட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அங்கே அடங்கியிருப்பவர் நபிகள் நாயகத்தின் தோழர்களில் ஒருவர், அவருடைய உடல் பேழையில் மிதந்து இந்தக் கரையில் ஒதுங்கியது என்பது நம் அண்டை வீட்டாரின் நம்பிக்கை. அவரைப் பற்றி வழங்கும் கதை இது. ஓர் இரவு மதீனாவில் வீட்டைவிட்டு வெளியே வந்தவரை ஜின் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. தீவு தீவாக, காணாததையெல்லாம் கண்டு அலைகிறார். வீட்டில் மனைவி காத்திருக்கிறாள். வருடங்கள் போகின்றன. சோற்றுக்கு வழியில்லை. கடைசியில் அவள் கலீஃபா உமரிடம் போய், என் கணவர் இருக்கிறாரா இல்லையா தெரியவில்லை, நான் என்ன செய்யட்டும் என்று கேட்கிறாள். அவர் மறுமணத்துக்கு அனுமதி கொடுக்கிறார். திருமணமும் நடக்கிறது. அந்த இரவே, முடியும் தாடியும் வளர்ந்து, அடையாளமே தெரியாத ஓர் ஆள் வாசலில் வந்து நிற்கிறார். வந்தவர் பழைய கணவர்தான் என்று நபிகளின் மருமகன் அலீ அடையாளம் காட்டுகிறார். மலாய் நாட்டிலும் இந்தக் கதையைத் தமீமுத் தாரி என்ற பெயரில் சொல்கிறார்கள். கப்பல் போன ஊருக்கெல்லாம் இந்தக் கதையும் போயிருக்கிறது.

வரலாற்றில் தமீமுத் தாரி என்பவர் பாலஸ்தீனத்துக்காரர். கிறிஸ்தவராக இருந்து, பிறகு மதீனாவுக்குப் போய் நபிகளோடு சேர்ந்தவர். கடலில் அலைக்கழிந்து ஒரு தீவில் ஒதுங்கியதை அவர் சொன்னதாக ஹதீஸில் இருக்கிறது. அவர் பாலஸ்தீனத்திலேயே இறந்தார் என்பது வரலாற்றாசிரியர்களின் பேச்சு. எது கதை, எது வரலாறு என்று பீடத்திலிருந்து தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. எனக்கு அந்தப் பெண்தான் முக்கியம். ஊரே நினைவில் வைத்திருப்பது ஜின்னையும் தீவையும். அவளுடைய பெயரைக்கூடப் பலர் சொல்வதில்லை.

கதை எப்படியோ, உமர் கொடுத்த தீர்ப்பு கதையில்லை. இமாம் மாலிக்கின் முவத்தா நூலில் அது பதிவாகியிருக்கிறது. கணவன் எங்கே என்று தெரியாத பெண் நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும். அதன் பிறகு, கணவனை இழந்தவள் இருக்கும் இத்தா காலமாகிய நான்கு மாதம் பத்து நாள். அதற்குப் பிறகு அவள் விரும்பினால் மணம் செய்துகொள்ளலாம். உமர் கலீஃபாவாக இருந்தது 634 முதல் 644 வரை. ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டு கழித்து நம் நாட்டில் 1939இல் வந்த முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்திலும் அந்த நான்கு ஆண்டு இருக்கிறது. நான்கு ஆண்டாகக் கணவனைப் பற்றித் தகவலே இல்லையென்றால் மனைவி நீதிமன்றத்துக்குப் போகலாம். தீர்ப்பு வந்தாலும் ஆறு மாதம் அது செயலுக்கு வராது. அந்த ஆறு மாதத்துக்குள் மனிதர் வந்து நின்று, நான் குடும்பம் நடத்தத் தயார் என்று நீதிமன்றத்தை நம்பவைத்தால், தீர்ப்பு ரத்து. சட்டம் எழுதினவர்களும் கதவை ஒருக்களித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

நம் திருச்சபை என்ன சொல்கிறது? திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1707ஆம் விதி இதைப் பற்றியதுதான். எத்தனை ஆண்டு வராமல் இருந்தாலும், வராமல் இருப்பது மட்டுமே இறந்துவிட்டார் என்பதற்குச் சான்றாகாது. சாட்சிகளை விசாரித்து, சூழ்நிலையை ஆராய்ந்து, அவர் இறந்திருக்கத்தான் வேண்டும் என்று ஆயருக்கு மனசாட்சிப்படி உறுதி ஏற்பட்டால், அதை அறிவிக்கலாம். அதன் பிறகு மனைவிக்கு விடுதலை. பொதுச் சட்டமோ ஏழு ஆண்டுக் கணக்கு வைத்திருக்கிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது குமரிக் கரையில் எத்தனை வீடுகள் இந்த ஏழு ஆண்டுக் கணக்கின் வாசலில் நின்றன என்பதைச் செய்தியில் பார்த்தோம்.

நம் விதி கடுமையாகத் தெரியலாம். திருமண உறவு அவ்வளவு பெரியது என்பதால், கடல் பேசாமல் இருக்கிறது என்பதற்காக மட்டும் அதை முடிந்ததாகச் சொல்லத் திருச்சபைக்கு மனசு வரவில்லை. ஆனால் அன்பான சகோதரியே, அதைப் பூட்டிய கதவாக நினைத்துத் திரும்பிப் போய்விடாதே. கூடப் போன படகுக்காரர்கள் இருக்கிறார்கள். அன்றைய வானிலை அறிக்கை இருக்கிறது. கரை ஒதுங்கிய பலகை இருக்கிறது. இவற்றைத் திரட்டுவதும், செங்கல்பட்டு ஆயர் இல்லத்துக்கு எழுதுவதும் உன் பங்குத்தந்தையின் வேலை. நீ கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு தனியாக அலைய வேண்டியதில்லை. காத்திருக்கிறேன் என்று நீ சொன்னாலும் உன்னோடு இருப்போம். போதும் சாமி என்று சொன்னாலும் உன்னோடு இருப்போம்.

இப்போது எகிப்துக்கு வருவோம்.

சூசையப்பரும் மாதாவும் எகிப்தில் யார் வீட்டில் தங்கினார்கள்? மத்தேயு சொல்லவில்லை. பாஷை தெரியாத ஊர், கைக்குழந்தை, வேலை தேடும் ஒரு தச்சர். யாரோ ஒருவர் திண்ணையில் இடம் கொடுத்திருப்பார். யாரோ ஒரு பாட்டி வெந்நீர் வைத்துக் கொடுத்திருப்பார். மெசியாவுக்கு இடம் கொடுத்தோம் என்று தெரியாமலே அவர்கள் செத்துப்போயிருப்பார்கள். நம்முடைய மறையைச் சேராத ஒரு நாடு நம் ஆண்டவரைக் காப்பாற்றிக் கொடுத்தது.

அந்தக் கடனை நம்மவர் ஒருவர் ஒருமுறை திருப்பிக் கொடுத்திருக்கிறார். மக்காவில் நபிகளைப் பின்பற்றியவர்கள் அடிபட்டு மிதிபட்டபோது, சுமார் 615ஆம் ஆண்டிலிருந்து, குடும்பம் குடும்பமாகச் செங்கடலைத் தாண்டி அபிசீனியாவுக்கு ஓடினார்கள். அங்கே ஆட்சி செய்தவர் நஜ்ஜாஷி மன்னர், கிறிஸ்தவர். துரத்தி வந்த மக்கத்துக்காரர்கள், இவர்களை எங்களிடம் ஒப்படையுங்கள் என்று பரிசுகளோடு வந்து நின்றார்கள். அகதிகளின் சார்பாகப் பேசியவர் ஜாஃபர் என்ற இளைஞர், நபிகளின் பெரியப்பா மகன். மரியாவைப் பற்றியும் அவர் மகனுடைய பிறப்பைப் பற்றியும் குர்ஆன் சொல்வதை அவர் ஓதினார். மன்னர் தாடி நனைய அழுதார் என்று எழுதியிருக்கிறார்கள். பரிசுகளைத் திருப்பி அனுப்பினார். அகதிகளை அனுப்பவில்லை.

அந்தக் கூட்டத்தில் இருந்த பெண்களில் இருவரைச் சொல்கிறேன். ஒருவர் உம்மு சலமா, மன்னர் அவையில் நடந்ததை நமக்குச் சொல்லிவைத்தவரே அவர்தான். இன்னொருவர் அஸ்மா, அந்த ஜாஃபரின் மனைவி. இன்று இவர்கள் இருவருடைய வீட்டுக்குள்ளும் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

உம்மு சலமா அபிசீனியாவிலிருந்து மக்காவுக்குத் திரும்பி வந்தார். பிறகு மதீனாவுக்குக் குடிபெயரும்போது, கணவர் அபூ சலமா, மனைவி, கைப்பிள்ளை சலமா மூவரும் ஓர் ஒட்டகத்தில் புறப்பட்டார்கள். பெண்ணின் உறவினர்கள் வந்து ஒட்டகத்தின் கயிற்றைப் பிடுங்கி, எங்கள் பெண்ணை விடமாட்டோம் என்றார்கள். கணவனின் உறவினர்களோ, அப்படியானால் பிள்ளை எங்களுடையது என்றார்கள். இரண்டு பக்கமும் இழுத்த இழுப்பில் பிள்ளையின் கை மூட்டு பிசகிப்போனது. கணவர் மதீனாவில், பிள்ளை அவர்களிடம், தாய் இவர்களிடம். சம்பந்தி வீட்டுச் சண்டையில் பிள்ளை கை பிசகுவது அரபு நாட்டில் மட்டும் நடப்பதா? நம் பங்கு அலுவலகத்துக்கு வரும் வழக்குகளில் பாதி இதுதான். பிள்ளையை நடுவில் வைத்து இழுக்கிற பாட்டிமார்களே, சித்தப்பாக்களே, மாமாக்களே, நீங்கள் இழுப்பது ஒரு குழந்தையின் கையை.

ஏறத்தாழ ஓர் ஆண்டு, தினமும் காலையில் மக்காவுக்கு வெளியே அந்த இடத்துக்குப் போய் உட்கார்ந்து, பொழுது சாயும்வரை அழுதுகொண்டிருந்தார் உம்மு சலமா. கடைசியில் உறவினர் ஒருவருக்கு மனசு இளகியது. பிள்ளையையும் கொடுத்து, போ என்றார்கள். துணைக்கு யாருமில்லை. வழியில் எதிர்ப்பட்டார் உஸ்மான் இப்னு தல்ஹா. அப்போது அவர் முஸ்லிம்கூட இல்லை, எதிர்த் தரப்பு ஆள். யார் துணையோடு போகிறாய் என்று கேட்டார். கடவுளும் இந்தப் பிள்ளையும்தான் என்றார் அவர். உஸ்மான் ஒட்டகத்தின் கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டார். நானூறு கிலோமீட்டருக்கும் அதிகமான வழி. தங்கும் இடம் வந்தால் ஒட்டகத்தை உட்காரவைத்துவிட்டு, தள்ளிப் போய் ஒரு மரத்தடியில் படுத்துக்கொள்வார். மதீனாவுக்கு வெளியே குபா ஊர் கண்ணில் பட்டதும், உன் கணவர் அங்கே இருக்கிறார், போ என்று சொல்லிவிட்டு, வந்த வழியே மக்காவுக்குத் திரும்பிவிட்டார். அவரைப் போலக் கண்ணியமான வழித்துணையைக் கண்டதில்லை என்று உம்மு சலமா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நம்முடைய ஆண்கள் கொஞ்சம் யோசியுங்கள். கடலில் கணவனை விட்டுவிட்டு நிற்கும் பெண், வங்கிக்கோ மீன்வளத்துறை அலுவலகத்துக்கோ போக ஒரு துணை கேட்டால், ஊர் வாய்க்கு இரையாகாமல் அவளை அழைத்துப்போய்க் கொண்டுவந்து விடுகிற கண்ணியம் நம்மிடம் இருக்கிறதா? அல்லது அப்படி ஒருவர் உதவப் போனால், அவர்களைப் பற்றி முதல் பேச்சை ஆரம்பிக்கிறவர்கள் நாம்தானா?

சேர்ந்த குடும்பம் அதிக நாள் சேர்ந்து இருக்கவில்லை. 625இல் நடந்த உஹதுப் போரில் அபூ சலமாவுக்குப் பட்ட காயம் ஆறி, மறுபடி வெடித்து, அவர் இறந்தார். உம்மு சலமாவுக்கு நான்கு பிள்ளைகள். நபிகள் அவரை மணம் கேட்டபோது மூன்று தடை சொன்னார்: எனக்கு வயதாகிவிட்டது, நான் பொறாமைக்காரி, பிள்ளைகள் வேறு இருக்கிறார்கள். வயது எனக்கு உன்னைவிட அதிகம், பொறாமையைக் கடவுள் நீக்குவார், உன் பிள்ளைகள் இனி என் பிள்ளைகள் என்கிற பொருளில் பதில் வந்தது. மூன்றாவது பதிலைத்தான் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன்.

உங்களில் சிலர் மனசில் ஓடுவது எனக்குத் தெரிகிறது. சாமி, அவர்களுக்குள் நாலு கல்யாணம் உண்டே என்கிறீர்கள். உண்டு. உஹதில் எழுபது பேர் விழுந்தார்கள். அதன் பிறகு, அநாதைகளைப் பற்றிப் பேசும் இடத்தில், நீதியாக நடத்த முடியாவிட்டால் ஒன்றே போதும் என்ற நிபந்தனையோடு வந்தது அதை அனுமதிக்கும் குர்ஆன் வசனம் என்பது அவர்களுடைய அறிஞர்கள் தரும் விளக்கம். நம் விசுவாசம் ஒருவனுக்கு ஒருத்தி என்பது. அதில் நான் மழுப்பப்போவதில்லை, அவர்களும் நம்மிடம் அப்படி எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஒருத்தியோடு நின்றுவிட்ட நாம், அந்த ஊரில் விழுந்த எழுபது பேரின் பிள்ளைகளுக்கு வேறு என்ன வழி வைத்திருந்திருப்போம்? நம் ஆதித் திருச்சபையிலும் முதல் முணுமுணுப்பு கைம்பெண்களின் பந்தியில்தான் கிளம்பியது என்பதைத் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தில் படிக்கிறோம். அன்றாடப் பந்தியில் சில கைம்பெண்களைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். திருத்தூதர்கள் அதைச் சில்லறை விஷயம் என்று தள்ளவில்லை. அதற்கென்றே ஏழு பேரை நியமித்தார்கள்.

இனி அஸ்மா.

ஜாஃபரும் அஸ்மாவும் அபிசீனியாவிலேயே பல ஆண்டு தங்கிவிட்டார்கள். பிள்ளைகள் அங்கேதான் பிறந்தார்கள். 628இல் கப்பலேறி மதீனாவுக்கு வந்தார்கள். வந்த புதிதில் அஸ்மா ஒரு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது உமர் வந்து, யார் இது, அந்தக் கடல்காரியா என்று கேட்டு, உங்களுக்கு முன்பே நாங்கள் நபிகளோடு குடிபெயர்ந்து வந்துவிட்டோம், எங்களுக்குத்தான் உரிமை அதிகம் என்றார். அஸ்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நீங்கள் அவர் பக்கத்தில் இருந்தீர்கள், பசித்தவனுக்கு அவர் சோறு போட்டார், நாங்கள் கண்காணாத தூரத்தில் கிடந்தோம், இதை அவரிடமே கேட்கிறேன் என்று எழுந்து போனார். அவர்களுக்கு ஒரு குடிபெயர்வு, கப்பல்காரர்களாகிய உங்களுக்கு இரண்டு என்று பதில் கிடைத்தது. அதைக் கேட்க, கப்பலில் வந்தவர்களெல்லாம் கூட்டம் கூட்டமாக அஸ்மாவின் வீட்டுக்கு வந்தார்களாம். குப்பத்துக்காரி என்று யாராவது உங்களை ஒரு மாதிரி பார்க்கும்போது இந்தப் பெண்ணின் கோபத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டே, 629இல், மூத்தா என்ற இடத்தில் நடந்த போரில் ஜாஃபர் இறந்தார். செய்தி மதீனாவுக்கு வந்த நேரம், அஸ்மா மாவு பிசைந்துவைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி எண்ணெய் தடவி முடித்திருந்தார். நபிகள் வந்தார். பிள்ளைகளைக் கூப்பிட்டு அணைத்துக்கொண்டார். கண்ணீர் வழிந்தது. அஸ்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் கூக்குரலிட, பெண்கள் கூடினார்கள். நபிகள் தம் வீட்டுக்குப் போனதும் முதலில் சொன்னது, ஜாஃபர் வீட்டாருக்குச் சாப்பாடு செய்து அனுப்புங்கள், அவர்களுக்கு இப்போது வேறு எதற்கும் மனசு இருக்காது என்பதுதான்.

அடுப்பு எரியாத வீட்டுக்குச் சோறு கொண்டுபோவது நமக்கும் தெரியும். சாவு வீட்டுக்கு அக்கம்பக்கத்திலிருந்து தூக்குச்சட்டியில் சாம்பார் சாதமும், ஃபிளாஸ்கில் காபியும் போகாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. மூன்றாம் நாள் வரை போகும். பிறகு? மூன்று நாள் கழித்து நபிகள் மறுபடி ஜாஃபர் வீட்டுக்குப் போனார். இன்றோடு அழுகை போதும் என்றார். நாவிதரை வரச்சொல்லி, அந்தப் பையன்களின் தலையை மழித்துவிடச் சொன்னார். தகப்பன் இருந்தால் செய்கிற வேலை அது. இந்தப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று தாய் புலம்பியபோது, வறுமையைப் பற்றி ஏன் பயப்படுகிறாய், இம்மையிலும் மறுமையிலும் நான் அவர்களுக்குப் பொறுப்பு என்றார்.

அன்பானவர்களே, நாவிதரைக் கூப்பிட்ட அந்தச் சின்னக் காரியத்தில் என் மனசு நிற்கிறது. துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. பையனுக்கு முடி வெட்டவேண்டுமே என்று ஞாபகம் வைத்திருக்கிறவர் எத்தனை பேர்? பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டால் அந்தப் பிள்ளைக்கு யார் போய் நிற்கிறார்கள்? முதல் நன்மை வாங்கும் நாளில் அவனுக்குச் சட்டை எடுத்துக்கொடுக்கும் பெரியப்பா யார்? நம் ஆண்டவர் நயீன் ஊர் வாசலில் பாடையைத் தொட்டு நிறுத்தினார். எழுப்பிய மகனை அவர் கூடவே அழைத்துக்கொண்டு போகவில்லை. தாயிடம் ஒப்படைத்தார் என்று லூக்கா எழுதுகிறார். அந்த வீட்டில் நாளைக்கு உலை வைக்க ஓர் ஆள் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அஸ்மா அப்புறம், பின்னாளில் முதல் கலீஃபாவான அபூபக்கரை மணந்தார். அவர் 634இல் இறந்தபின் அலீயை மணந்தார். மூன்று தகப்பன்மாரின் பிள்ளைகள் ஒரே வீட்டில் வளர்ந்தார்கள். பிள்ளைகளுக்குள் ஒருநாள் சண்டை வந்தது, என் அப்பா பெரியவரா உன் அப்பா பெரியவரா என்று. அலீ மனைவியைப் பார்த்து, நீயே தீர்ப்புச் சொல் என்றார். இளைஞரில் ஜாஃபரைப் போல் ஒருவரைப் பார்த்ததில்லை, பெரியவரில் அபூபக்கரைப் போல் ஒருவரைப் பார்த்ததில்லை என்றார் அஸ்மா. எனக்கென்று நீ ஒன்றும் மிச்சம் வைக்கவில்லையே என்றாராம் அலீ. மனைவி தன் பழைய கணவரைப் புகழ்வதைக் கேட்டுக்கொண்டு இப்படிப் பேசுகிற ஆண்பிள்ளைகள் நம் பங்கில் எத்தனை பேர் என்று நான் எண்ணப் போவதில்லை. சிரிக்கிறீர்கள், சரி.

ஆனால் ஒன்று கேட்கிறேன். இரண்டு கணவரை மண்ணுக்குக் கொடுத்த அஸ்மாவை அந்த ஊர் ராசியில்லாதவள் என்று சொல்லவில்லை. நம் கோயிலில் என்ன நடக்கிறது? மகனுக்குத் திருமணம். பெற்று வளர்த்து, மீன்கூடை சுமந்து படிக்கவைத்தவள் தாய். தாலியை மந்திரித்துக் கொடுக்கும்போது அவள் எங்கே நிற்கிறாள்? கடைசித் தூணுக்குப் பின்னால். யாரும் போகச் சொல்லவில்லை சாமி, அவளாகத்தான் ஒதுங்கினாள் என்பீர்கள். அவளை ஒதுங்கப் பழக்கினது யார்? ஆராத்தித் தட்டை அவள் கையில் கொடுக்காமல் பழக்கினது யார்? ஞானஸ்நானத் தண்ணீர் பட்ட எந்தப் பெண்ணும் இந்தப் பீடத்துக்கு முன்னால் அபசகுனம் இல்லை. இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

மறுமணம் செய்துகொண்ட பெண்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் சிலர் அதைக் குற்றம்போல மறைத்து வாழ்கிறீர்கள். முதல் கணவருடைய நினைவுநாளுக்குத் திருப்பலிக் கருத்துக் கொடுக்க வரும்போதுகூட, இப்போதைய கணவருக்குத் தெரியவேண்டாம் சாமி என்கிறீர்கள். செத்தவரை நினைத்து அழுவதும், இருப்பவரோடு சிரிப்பதும் ஒரே மனசால் முடியும். அந்த மனசைப் படைத்தவருக்கு அது தெரியும். மறுமணம் வேண்டாம் என்று இருப்பவர்களையும் நான் தாழ்த்திச் சொல்லவில்லை. இரண்டு வழியிலும் ஆண்டவருடைய இரக்கம் உங்களுக்கு முன்னால் போய் நிற்கிறது.

காணாமல் போனவர்களின் பெயர்களை இன்று விசுவாசிகள் மன்றாட்டில் வாசிக்கப் போகிறோம். இறந்தோருக்கான மன்றாட்டில் சேர்க்கச் சம்மதமில்லை என்று சொன்ன குடும்பங்களின் பெயர்கள் தனியாக வாசிக்கப்படும். அந்த வேறுபாட்டை யாரும் வெளியே போய்ப் பேசவேண்டாம். காணிக்கைப் பவனியில் அப்பமும் இரசமும் கொண்டுவரப் போவது இந்தப் பங்கின் கைம்பெண்கள். அவர்கள் கடைசி வரிசையிலிருந்து எழுந்து வருவதற்குள் பாட்டு முடிந்துவிடும் என்று பாடகர் குழு கவலைப்பட்டது. அதனால் அவர்களுக்கு முன்வரிசையில் நான்கு பெஞ்சை ஒதுக்கியிருக்கிறோம். இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அம்மா, பாட்டி, நீங்கள் இப்போதே முன்னால் வந்துவிடுங்கள். தம்பிகளே, கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள். அவர்கள் வந்து உட்கார்ந்ததும் நாம் நம்பிக்கை அறிக்கைக்கு எழுந்து நிற்போம்.